180 நாள் கடந்த கடிதம்

ஒரு கடிதம் பழையதாகிவிட்டால் அதிலுள்ள இரகசியமும் பழையதாகிவிடுமா? நேற்று வந்த கடிதத்தைப் பிரிக்க நீதிபதியின் அனுமதி வேண்டும். பெட்டியின் அடியில் ஓராண்டாகப் பாதுகாத்து வைத்திருக்கும் கடிதத்தைப் பிரிக்க அது தேவையில்லை என்று எவரேனும் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? மாட்டோம். பழைய கடிதங்களில்தானே நம் வாழ்க்கையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று வாதிடுவோம்.

ஆனால், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1986 ஆம் ஆண்டு நிறைவேறிய ஒரு சட்டம், மின்னஞ்சலைப் பொறுத்தவரை ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறது. அதன் பெயர் மின்னணுச் செய்தித் தொடர்பு அந்தரங்கச் சட்டம். செய்தி அனுப்பப்பட்டுக் கணிப்பொறியில் தங்கி 180 நாள் ஆகும்வரை அதற்கு ஒரு பாதுகாப்பு. 181 ஆம் நாள் முதல் அதைவிடக் குறைந்த பாதுகாப்பு.

ஒரு சட்டத்தை இயற்பியல் ஆசிரியன் விமர்சிப்பது ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். சட்ட நுணுக்கங்கள் வழக்கறிஞர்களுக்கு உரியவை. அவற்றில் நான் தலையிடப்போவதில்லை. ஆனால் இச்சட்டம், செய்தி எவ்வாறு பயணம் செய்கிறது, எங்கே தங்குகிறது, எவ்வளவு காலம் தங்குகிறது என்னும் சில எண்ணங்களின் மேல் கட்டப்பட்டது. அந்த எண்ணங்கள் அறிவியலைச் சார்ந்தவை. ஆகவே அவை சரிதானா என்று பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு.

சுவரும் கம்பியும்

முதலில் சிறிது வரலாறு. அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் 1791 இல் நடைமுறைக்கு வந்தது. குடிமக்களின் உடல், வீடு, காகிதங்கள், உடைமைகள் ஆகியவற்றைக் காரணமின்றிச் சோதனையிடக்கூடாது என்று அது கூறுகிறது. 1878 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒட்டப்பட்ட அஞ்சல் உறைக்கும் இப்பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. உறையின் மேலுள்ள முகவரியை அஞ்சல் ஊழியர் பார்க்கலாம். உள்ளே இருப்பதைப் பார்க்க நீதிபதியின் வாரண்டு வேண்டும். எளிமையான, யாருக்கும் விளங்கக்கூடிய விதி அது.

பிறகு தொலைபேசி வந்தது. சியாட்டில் நகரில் மதுக் கடத்தல் செய்த ஓல்ம்ஸ்டெட் என்பவரின் தொலைபேசிக் கம்பிகளில் அதிகாரிகள் வேறு கம்பிகளை இணைத்துப் பல மாதங்கள் உரையாடல்களைக் கேட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1928 இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதிகாரிகள் வீட்டுக்குள் நுழையவில்லை. கம்பியோ வெளியே, தெருவில் இருந்தது. எனவே இது சோதனையே அன்று என்றது பெரும்பான்மை.

நால்வரில் ஒருவரான நீதிபதி பிராண்டைஸ் இதை ஏற்கவில்லை. மேசை அறையிலிருந்து காகிதத்தை எடுக்காமலேயே அதிலுள்ளதை நீதிமன்றத்தில் காட்டும் வழிகளை அறிவியல் ஒருநாள் அரசுக்குத் தரக்கூடும் என்று அவர் எச்சரித்தார். அவர் இவ்வாறு எழுதியபோது மின்னணுக் கணிப்பொறி பிறந்திருக்கவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இத்தவறு திருத்தப்பட 39 ஆண்டுகள் ஆயின. 1967 இல் காட்ஸ் என்பவரின் வழக்கு வந்தது. அவர் பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று சூதாட்டப் பந்தயம் பற்றிப் பேசியதை, கூண்டின் வெளிப்புறத்தில் பொருத்திய ஒலிவாங்கி மூலம் அதிகாரிகள் பதிவு செய்திருந்தனர். கருவி உள்ளே நுழையவில்லை. ஆயினும் இது சோதனையே என்றது நீதிமன்றம். அரசியல் சட்டம் காப்பது மனிதர்களை. இடங்களை அல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்த ஒரு கருத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பின்னால் வந்த சட்டம் எங்கே வழி தவறியது என்பது தானே விளங்கும்.

காதுக்கு எட்டாத செய்தி

காட்ஸ் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, 1968 இல், ஒற்றுக்கேட்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஆனால் அது காதால் கேட்கப்படும் செய்தியை மட்டுமே கருத்தில் கொண்டது. கணிப்பொறிகள் தமக்குள் பேசிக்கொள்வது குரலால் அன்று. 0, 1 என்னும் துடிப்புகளால். ஒருவர் தொலைபேசியில் பேசினால் சட்டத்தின் காவல் உண்டு. அதே கம்பியில் அதே சொற்களைத் தட்டச்சு செய்து அனுப்பினால் காவல் இல்லை என்ற விந்தையான நிலை ஏற்பட்டது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1985 இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் குறையை எடுத்துக்காட்டியது.

அதன் பின்னரே, செனட்டர் லேஹியும் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் காஸ்டன்மெயரும் முன்னின்று கொண்டுவந்த மசோதா நிறைவேறி, 1986 அக்டோபர் 21 அன்று குடியரசுத் தலைவர் ரீகனின் கையொப்பம் பெற்றது. இதற்கு மூன்று பகுதிகள் உண்டு. முதற்பகுதி, ஓடிக்கொண்டிருக்கும் செய்தியை இடைமறிப்பது பற்றியது. இரண்டாவது, சேமித்து வைக்கப்பட்ட செய்தி பற்றியது. மூன்றாவது, யார் யாரை அழைத்தார் என்று எண்களை மட்டும் குறித்துக்கொள்ளும் கருவி பற்றியது.

இச்சட்டத்தின் நன்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மின்னஞ்சல் என்னும் சொல்லையே பெரும்பாலோர் கேட்டிராத காலத்தில், அதற்கும் அந்தரங்கம் உண்டு என்று ஒரு நாட்டின் காங்கிரசு ஏற்றது சிறிய செயல் அன்று. நீதிமன்றத்தின் தீர்ப்புக்குக் காத்திராமல் அது முன்னே சென்றது. அந்த வகையில் அது பாராட்டுக்குரியது.

குறை எங்கே? 1986 இல் கருவிகள் இருந்த நிலையையே இயற்கையின் நிலை என்று அது எண்ணிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. அக்காலத்தில் இரண்டு வகைக் கம்பியில்லாத் தொலைபேசிகள் இருந்தன. ஒன்று, பெரிய கோபுரங்களோடு தொடர்பு கொள்ளும் செல் தொலைபேசி. மற்றொன்று, வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு நடக்கும் கார்ட்லெஸ் தொலைபேசி. முதலாவதற்குச் சட்டம் காவல் அளித்தது. இரண்டாவதில், கைக்கருவிக்கும் அடிக்கருவிக்கும் இடையே செல்லும் வானொலி அலைக்குக் காவல் இல்லை என்று வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. அதைச் சாதாரண ஏற்பியால் எளிதில் கேட்கலாம் என்பதே காரணம். இரண்டும் மின்காந்த அலைகளே, அதிர்வெண்தான் வேறு. வீட்டில் மனைவியோடு பேசும் பேச்சின் அந்தரங்கம், அலையின் அதிர்வெண்ணைப் பொறுத்ததா? 1994 இல் இந்த விலக்கு நீக்கப்பட்டது. எளிதில் திறக்கக்கூடிய பூட்டு என்பதால் திருடுவது நியாயமாகிவிடாது என்பதை உணர எட்டு ஆண்டுகள் ஆயின.

ஓட்டமும் தங்கலும்

இனி முக்கியமான குறைக்கு வருவோம். ஓடும் செய்தி, தங்கும் செய்தி என்று சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. ஓடும் செய்தியை இடைமறிக்கக் கடுமையான கட்டுப்பாடுகள். தங்கிய செய்தியைப் பெற அதைவிட எளிய வழிகள். பழைய தொலைபேசிக்கு இப்பிரிவு பொருந்தும். அங்கே பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது, எங்கும் தங்குவதில்லை. கணிப்பொறி வலையில் நடப்பதோ வேறு.

ஒரு கிராமத்திலிருந்து மற்றொரு கிராமத்திற்குக் கடிதம் செல்வதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அஞ்சலகத்திலும் பை பிரிக்கப்படுகிறது. கடிதம் சற்று நேரம் மேசையில் கிடக்கிறது. வேறு பையில் இடப்பட்டு மீண்டும் புறப்படுகிறது. மின்னஞ்சலும் இப்படித்தான். வழியிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியும் செய்தியைத் தன் நினைவகத்தில் வாங்கிச் சேமித்து, பிறகு அடுத்த பொறிக்கு அனுப்புகிறது. இந்தச் சேமிப்பு ஒரு நொடியின் சிறு பகுதியே நீடிக்கலாம். சில மணி நேரமும் ஆகலாம். கம்பியிலோ கண்ணாடி இழையிலோ உண்மையில் ஓடும் நேரம் மிகக் குறைவு. அவ்வாறாயின் மின்னஞ்சல் ஓடும் செய்தியா, தங்கும் செய்தியா?

இது வெறும் கல்வி விவாதம் அன்று. 1990 இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற விளையாட்டு வெளியீட்டு நிறுவனத்தின் கணிப்பொறியை மத்திய இரகசியப் பணித் துறையினர் எடுத்துச் சென்றனர். உரியவர் இன்னும் படிக்காத 162 அந்தரங்கச் செய்திகள் அதில் இருந்தன. உரியவரைச் சேராத கடிதம் வழியில் இருப்பதாகவே நாம் கருதுவோம். ஆனால் 1994 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவை தட்டில் தங்கியிருந்தபடியால் இடைமறிக்கப்பட்டதாகக் கொள்ள இயலாது என்றது. சேமித்த செய்திகளுக்கான சிறிய பரிகாரமே அவர்களுக்குக் கிடைத்தது.

மற்றொரு வழக்கு இன்னும் வேடிக்கையானது. பழைய நூல் வணிகர்களுக்கு மின்னஞ்சல் வசதி அளித்த ஒரு நிறுவனம், போட்டி நிறுவனமான அமேசானிலிருந்து அவ்வணிகர்களுக்கு வரும் கடிதங்களையெல்லாம் தனக்கும் ஒரு படி எடுத்துக்கொள்ளுமாறு கணிப்பொறிக்கு ஆணையிட்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. இது இடைமறிப்பு ஆகாதென்று 2004 இல் மூவர் கொண்ட நீதிபதிக் குழு இருவர் பெரும்பான்மையில் கூறியது. படி எடுக்கப்பட்ட கணத்தில் செய்தி நினைவகத்தில் தங்கியிருந்ததாம்! 2005 இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு இத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும், ஒரே சட்டத்தைப் படித்த அறிஞர்களான நீதிபதிகள் நேர் எதிரான இரு முடிவுகளுக்கு வந்தார்களே, ஏன்? சட்டம் கேட்ட கேள்விக்கு இயற்கையில் விடை இல்லை என்பதே காரணம்.

180 நாள் கணக்கு

180 நாள் என்னும் வரம்பு எப்படி வந்தது? அக்கால மின்னஞ்சலைப் பற்றிய ஒரு படத்திலிருந்து வந்தது. பயனாளர் மோடம் மூலம் நிறுவனத்தின் கணிப்பொறியை அழைப்பார். கடிதங்களைத் தம் பொறிக்கு இறக்கிக்கொள்வார். நிறுவனம் தன்னிடமுள்ள படியை அழித்துவிடும். ஆறு மாதமாகியும் ஒருவர் தம் கடிதத்தை அங்கேயே விட்டுவைத்தால், அது பிறர் பொறுப்பிலுள்ள வணிகப் பதிவேட்டைப் போன்றதே என்று சட்டமியற்றியோர் கருதினர். அப்படிப்பட்ட கடிதத்தை வாரண்டு இல்லாமல், நீதிபதி முன்கூட்டியே பார்க்கத் தேவையில்லாத அழைப்பாணை ஒன்றினாலேயே பெறலாம் என்று எழுதினர். பயனாளருக்கு அறிவிப்புத் தரவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஆனால் அந்த அறிவிப்பையும் 90 நாள்வரை தள்ளிப்போடலாம். பிறகு நீட்டிக்கவும் செய்யலாம்.

அந்தப் படம் அன்று முற்றிலும் தவறானது அன்று. சிறு கணக்கு ஒன்று போடுவோம். 1983 இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறி ஒன்றின் காந்தத் தட்டு 10 மெகாபைட்டு கொண்டது. தட்டச்சுப் பக்கம் ஒன்றுக்கு 2,000 எழுத்துகள் எனக் கொண்டால் அதில் 5,000 ஆங்கிலப் பக்கங்கள் அடங்கும். இடம் விலையுயர்ந்த பொருளாக இருந்தது. யாரும் யாருடைய கடிதத்தையும் வீணாகச் சேமித்து வைக்கமாட்டார்கள்.

2004 ஏப்ரல் முதல் நாள் கூகுள் நிறுவனம் 1 கிகாபைட்டு இடத்தோடு மின்னஞ்சல் வசதியைத் தொடங்கியது. அப்போது ஹாட்மெயில் இலவசமாக அளித்தது 2 மெகாபைட்டு மட்டுமே. 2013 இல் கூகுள் இவ்வளவை 15 கிகாபைட்டு ஆக்கியது. அதே கணக்கின்படி அது 75 இலட்சம் பக்கம். 1986 இல் வழங்கிய நொடிக்கு 2,400 துடிப்பு வேக மோடம் கொண்டு இவ்வளவையும் இறக்க முயன்றால், இரவு பகல் ஓயாமல் ஏறக்குறைய 579 நாள் ஆகும். கடைசிக் கடிதம் வந்து சேர்வதற்குள் முதற்கடிதம் 180 நாளை மும்முறை கடந்திருக்கும்!

இவ்வாறு சேமிப்பு மலிந்ததும் மனிதரின் பழக்கம் தலைகீழாக மாறியது. முன்பு, நிறுவனத்திடம் விட்டுவைத்த கடிதம் கைவிடப்பட்ட கடிதம். இன்று நாம் போற்றிப் பாதுகாக்கும் கடிதமே நிறுவனத்திடம் இருக்கிறது, வேண்டாததையே அழிக்கிறோம். மருத்துவர் அனுப்பிய சோதனை முடிவு, மறைந்த தந்தையின் கடைசிக் கடிதம், வேலைக்கான விண்ணப்பம், குடும்பச் சண்டை, சமாதானம் எல்லாம் அங்கே உள்ளன. சட்டத்தின் எழுத்துப்படி, எதை நாம் அதிகம் மதித்து நெடுநாள் வைத்திருக்கிறோமோ அதற்கே காவல் குறைவு.

அடைபட்ட ஓட்டையும் அடைபடாத ஓட்டையும்

இதன் விளைவை வார்ஷாக் வழக்கு காட்டிற்று. ஒஹையோ மாநில வணிகர் ஒருவரின் மோசடியை விசாரித்த அரசு, வாரண்டு இன்றி அவருடைய மின்னஞ்சல்கள் சுமார் 27,000 ஐப் பெற்றது. ஓராண்டுக்கு மேல் கழித்தே அவருக்குச் செய்தி தெரிந்தது. 2010 டிசம்பரில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், மின்னஞ்சல் நிறுவனம் அஞ்சலகத்தைப் போன்றதே. அதனிடமுள்ள கடிதத்தைப் பெற வாரண்டு வேண்டும். வேண்டாமென்று சொல்லும் அளவுக்கு 1986 சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்த வணிகர் குற்றவாளி என்னும் தீர்ப்பு நின்றது. அதிகாரிகள் அன்றிருந்த சட்டத்தை நம்பி நல்லெண்ணத்தில் நடந்தார்கள் என்பது காரணம்.

இதன் பின் பெரிய நிறுவனங்கள் வாரண்டு இல்லாமல் கடிதத்தைத் தர மறுக்கலாயின. 2013 இல் அமெரிக்க நீதித் துறையே, 180 நாளுக்கு முன், பின் என்று பிரிப்பதற்குக் கொள்கை அடிப்படை ஏதுமில்லை என்று காங்கிரசின் முன் ஒப்புக்கொண்டது. 2016 ஏப்ரலில் பிரதிநிதிகள் அவை, அவ்வரம்பை நீக்கும் மசோதாவை 419க்கு 0 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. எதிர்ப்பவர் ஒருவரும் இல்லை. ஆயினும் செனட்டில் அது தேங்கிவிட்டது. 2017 இலும் அதே கதை. கலிபோர்னியா மாநிலம் தன் எல்லைக்குள் செல்லும் நல்ல சட்டத்தை 2015 இல் இயற்றிக்கொண்டது. மத்தியச் சட்டத்தில் 180 நாள் என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பும் சில நிறுவனங்களின் உறுதியுமே இன்று அக்கடிதங்களுக்குக் காவல்.

"கடிதத்தைச் சங்கேதமாக்கி அனுப்பிவிட்டால் சட்டம் எதற்கு?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. சங்கேதம் உறைக்குள் இருப்பதை மறைக்கும். உறையின் மேலுள்ள முகவரியை மறைக்காது. முகவரி இல்லாவிட்டால் வலை செய்தியை எங்கே சேர்க்கும்? இங்கேதான் சட்டத்தின் மூன்றாவது பகுதி வருகிறது. எண்களைக் குறித்துக்கொள்ளும் கருவிக்கு, விசாரணைக்குத் தொடர்புடையது என்று அரசு வழக்கறிஞர் சான்றளித்தால் போதும். நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். 1979 இல் உச்ச நீதிமன்றம், அழைத்த எண்ணைத் தொலைபேசி நிறுவனத்துக்குத் தாமே கொடுத்துவிட்டவர் அதை இரகசியம் என்று கோர முடியாது என்று கூறியதன் தொடர்ச்சி இது.

ஓர் எண்ணில் என்ன இரகசியம் என்று தோன்றலாம். ஒரு புள்ளி எதையும் சொல்லாது. ஆயிரம் புள்ளிகளை இணைத்தால் கோடு கிடைக்கும் என்பது வரைபடம் போட்ட எந்த மாணவனுக்கும் தெரியும். கார்பென்டர் வழக்கில், அழைப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் கைப்பேசி எந்தக் கோபுரத்தோடு தொடர்பு கொண்டது என்னும் பதிவுகளை அரசு வாரண்டு இன்றிப் பெற்றது. 127 நாட்களில் 12,898 இடக்குறிப்புகள். நாளொன்றுக்குச் சராசரி 101. அம்மனிதர் எங்கே உறங்கினார், எந்தக் கோவிலுக்குச் சென்றார் என்பதுவரை அதிலிருந்து ஊகிக்கலாம். 2018 இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இதற்கும் வாரண்டு வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மறுபடியும் நீதிமன்றமே ஓட்டையை அடைத்தது, சட்டம் அன்று.

எதிர்வாதம்

சட்டத்தின் சார்பில் சொல்லத்தக்கது உண்டு. காவல் துறைக்கும் நிறுவனங்களுக்கும் திட்டவட்டமான விதி தேவை. "நியாயமான அந்தரங்கம்" என்று பொதுவாகச் சொன்னால் ஒவ்வொரு வழக்கிலும் சண்டை வரும். 180 என்ற எண்ணில் ஐயத்துக்கு இடமில்லை. குழந்தையைக் கடத்தியவனைத் தேடும் அதிகாரிக்கு ஒவ்வொரு மணியும் அருமையானது என்பதும் உண்மை.

ஆனால் திட்டமான விதி வேறு. சரியான விதி வேறு. ஒரு நீளத்தைத் தவறான அளவுகோலால் மூன்று தசம இடம்வரை அளந்தாலும் விடை தவறே. "செய்தியின் உள்ளடக்கத்துக்கு எப்போதும் வாரண்டு, உயிருக்கு ஆபத்து எனில் விலக்கு" என்பதும் திட்டமான விதிதான். அதில் எண்ணும் இல்லை, ஐயமும் இல்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு

வேறொரு நாட்டின் சட்டம் நமக்கெதற்கு என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். நம்மில் பலரின் கடிதங்கள் அமெரிக்க நிறுவனங்களின் பொறிகளிலேயே உள்ளன. ஓர் இந்தியக் காற்றாலை நிறுவனம், ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கு ஒன்றுக்காக, ஓர் இந்தியக் குடிமகனின் ஹாட்மெயில் கடிதங்களை மைக்ரோசாப்ட் நிறுவனத்திடம் கேட்டது. சட்டத்தின் காவல் அமெரிக்கருக்கு மட்டுமே என்பது அதன் வாதம். 2011 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தில் "எந்த ஒருவரும்" என்றே உள்ளது. அயல் நாட்டாரும் அதில் அடங்குவர் என்று கூறிக் கடிதங்களைத் தர மறுத்தது. நன்கு எழுதப்பட்ட ஒரு சொல் ஓர் இந்தியரைக் காத்தது. 2018 இல் இதே சட்டத்தில் செய்த திருத்தமோ, கடிதம் உலகின் எந்த மூலையில் சேமிக்கப்பட்டிருந்தாலும் முறையான ஆணை வந்தால் அமெரிக்க நிறுவனம் அதைத் தரவேண்டும் என்கிறது. எனவே அச்சட்டத்தின் குறையும் நிறையும் நம்மையும் தொடுகின்றன.

இயற்பியல் வகுப்பில் முதலில் கற்பிப்பது நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடு. ஒரு கல்லின் எடை பூமியில் ஒன்று, நிலவில் ஆறில் ஒரு பங்கு. நிறையோ எங்கும் ஒன்றே. ஆராய்ச்சிக்கு நாம் மாறாத அளவையே நாடுகிறோம். ஒரு கடிதத்தில் மாறக்கூடியவை எவை? அது கம்பியில் ஓடுகிறதா, தட்டில் தங்குகிறதா, எந்த அதிர்வெண்ணில் செல்கிறது, எத்தனை நாள் ஆயிற்று என்பவை. மாறாதவை எவை? யார் எழுதினார், யாருக்காக எழுதினார், என்ன எழுதினார் என்பவை. 1986 சட்டம் முதல் வகையைப் பிடித்துக்கொண்டது. கருவி மாறியதும் காவலும் நழுவியது. 1967 இல் நீதிமன்றம் கண்ட கருத்து, அதாவது காக்கப்பட வேண்டியவர் மனிதர் என்பது, இரண்டாவது வகையைச் சார்ந்தது. அது இன்றும் பழையதாகவில்லை.

நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் இத்துறையில் சட்டங்கள் எழுதப்பட்டு வருகின்றன, இன்னும் எழுதப்படும். அவற்றைப் படிக்கும்போது மாணவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்: இந்த விதி மனிதரைப் பற்றிப் பேசுகிறதா, இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறதா? இயந்திரத்தைப் பற்றி மட்டும் பேசினால், அடுத்த இயந்திரம் வரும் நாளை அவ்விதியின் ஆயுள் எல்லையாகக் குறித்துக்கொள்ளலாம்.